லிஃப்ட் ஆட்டம்

2024 ஆகஸ்ட் 17, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது.

தலையணையில் தலை பதிந்த குழி அப்படியே இருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் அவருடைய செருப்பைக் காணவில்லை. கைப்பேசி சமையலறை அலமாரியில் சார்ஜரோடு கிடந்தது. அதன் பக்கத்திலேயே, நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள வேண்டிய மாத்திரைப் பட்டை. தெருமுனைக் கடைக்குப் போனாலும் அது சட்டைப்பையில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டத்தை இயற்றிய அம்மா சேத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். படியிறங்கும்போது, "ஏட்டி, அவியளப் பாத்துக்கோ. பொஸ்தகத்துக்குள்ள தலைய வுட்டுட்டு உக்காந்துராத" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் அடுத்த அறையில்தான் இருந்தேன். கதவைக்கூடச் சாத்தவில்லை. ஆனாலும் அவர் போனது எனக்குக் கேட்கவில்லை.

குளியலறை, மொட்டைமாடி, பக்கத்து வீடு என்று பார்த்துவிட்டு வந்து பீரோவைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் பை வெறுமையாகக் கிடந்தது. அதற்குள் இருக்க வேண்டியது ஒரு சிவப்பு நாடா: நெற்றியைச் சுற்றிக் கட்டுவது, ஜிகினா ஒட்டியது, ஜிகினாவில் பாதி உதிர்ந்துபோனது. அது இல்லை என்று கண்டதும் அப்பா எங்கே போயிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதுவரை வெறும் பதற்றமாக இருந்தது அப்போது அச்சமாக மாறியது. மாத்திரைப் பட்டையையும் அப்பாவின் கைப்பேசியையும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டினேன்.

அவர் பார்க்கப் போயிருந்த படத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எண்பதுகளில் வந்த டிஸ்கோ படம். நாயகன் ஒரு பெரிய ஓட்டலில் லிஃப்ட் இயக்குபவன். பகலில் காக்கிச் சட்டை, இரவில் வெள்ளிச் சட்டை. ஓட்டல் முதலாளிதான் வில்லன். அவனுக்கு ஒரு கண் நீலம், மற்றொன்று பழுப்பு. ஏன் என்று படத்தில் யாரும் கேட்பதில்லை. நாயகனின் தங்கை ஊமை. ஆனால் டிஸ்கோ இசை ஒலிக்கும்போது மட்டும் அவளுக்குப் பேச்சு வரும். உச்சக்காட்சியில் நடன அரங்கின் தரை முழுவதும் சதுரம் சதுரமாக வண்ண விளக்குகள் எரியும். அவற்றில் ஒரு சதுரத்தின் கீழே வில்லன் வெடிகுண்டு வைத்திருப்பான். எந்தச் சதுரம் என்று நாயகனுக்குத் தெரியாது. தவறான சதுரத்தை மிதித்தால் வெடிக்கும். ஆடுவதை நிறுத்தினாலும் வெடிக்கும். எனவே அவன் ஆடுவான்.

அந்த ஆட்டத்துக்கு எங்கள் வீட்டில் 'லிஃப்ட்' என்று பெயர். வலக்கைச் சுட்டுவிரல் விட்டத்தைக் காட்டும். இடக்கை இடுப்பில் இருக்கும். முழங்கால்கள் மடங்க, முதுகு மடங்காமல், ஒவ்வொரு மாடியிலும் ஒரு கணம் நின்று நின்று உடம்பு கீழே இறங்கும். தரைக்கு ஒரு சாண் உயரத்தில் நின்று, கதவு திறப்பதைப் போல இரண்டு கைகளும் விரியும். பிறகு ஒரே மூச்சில் மேலே ஏறிவிட வேண்டும். ஏறுவதுதான் கடினம்.

நான் முதுகலை இலக்கியம் படிப்பவள். ஒரு படைப்பின் குறைகளை வரிசைப்படுத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் படத்தின் குறைகளை எழுதத் தொடங்கினால் ஒரு பருவத் தேர்வுத் தாள் போதாது. ஆட்டத்தின் பாதி நேரம் செயற்கைப் புகையில் நாயகனையே காணமுடியாது. வெள்ளிச் சட்டையின் கைப்பகுதி ஒரு காட்சியில் கிழிந்து, அடுத்த காட்சியில் சேர்ந்து, மறுபடியும் கிழியும். இருந்தும் சின்ன வயதிலிருந்து எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு அதைப் பார்த்திருக்கிறேன், ஒருமுறைகூட அலுத்ததில்லை. காரணம் என்னவென்று யோசித்திருக்கிறேன். அந்தப் படத்தில் யாரும் கேலியாக நடிக்கவில்லை. இப்போது அந்தக் காலத்துச் சட்டையையும் தலைமுடியையும் மாட்டிக்கொண்டு ஆடுபவர்கள், 'இது விளையாட்டுத்தான், எங்களுக்குத் தெரியும்' என்று நம்மிடம் கண்சிமிட்டிக்கொண்டே ஆடுகிறார்கள். பழைய படம் கண்சிமிட்டாது. நீலக்கண் வில்லன் முழு மனத்தோடு கொடியவன். நாயகன் முழு மனத்தோடு லிஃப்ட். பிறர் சிரிப்பார்கள் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. வகுப்பில் விடை தெரிந்தும் கை தூக்காத எனக்கு அந்தத் துணிவு விண்வெளிப் பயணம் போலத் தோன்றும்.

அப்பா நூற்பாலையில் ஃபிட்டர். பதின்ம வயதில் அவரும் மூன்று நண்பர்களும் கோயில் கொடைத் திருவிழாக்களில் அந்தப் பாட்டுக்கு ஆடியிருக்கிறார்கள். சிவப்பு நாடா அப்போதையது. எனக்குத் தெரிந்த காலத்தில் அவர் ஆடியது எங்கள் கூடத்தில், குளிர்பதனப் பெட்டிக்கும் பீரோவுக்கும் நடுவில் இருந்த இடத்தில். பாட்டு வந்ததும் நான் நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவருக்கு இடம் வேண்டும் என்று. நான் ஆடியதில்லை. ஒவ்வொரு அசைவும் எனக்கு மனப்பாடம். ஆனால் அது செய்யுள் மனப்பாடமாவதைப் போல, உடம்புக்கு வராத மனப்பாடம்.

ஜூன் மாதம் ஆலையிலிருந்து வரும்போது அப்பா வாயிற்படியில் உட்கார்ந்தார், எழவில்லை. மதுரைக்குக் கொண்டுபோய் ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் நலம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஆரஞ்சுப் பழம் கொண்டுவருவார்கள். கூடவே ஒரு கதையும். பழத்தைக் கொடுத்துவிட்டு, செத்த நேரம் மின்விசிறியைப் பார்த்துவிட்டு, கதையைத் தொடங்குவார்கள். வ. புதுப்பட்டியிலிருந்து வந்த அத்தை ஒருத்தி, "எங்க கொழுந்தனாருக்கும் இதே எடத்துலதான் அடைப்பு. நல்லாத்தான் இருந்தாவ. ஒரு நா தென்னமட்டய இழுத்துப் போட்டாவ, அம்புட்டுத்தான்" என்றாள். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையிலிருந்து வந்த ஒருவர், "படி ஏறுனாராம்ணே. எண்ணி பத்துப் படி. மாடியில போயி தண்ணி கேட்டாராம். தண்ணி வர்றதுக்குள்ள ஆளு இல்ல" என்றார். "நீங்க தைரியமா இருங்க" என்று முடித்தார். அவர் போன பிறகு அப்பா எங்கள் வீட்டு மாடிப்படியைத் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அம்மா தொலைக்காட்சிமேல் ஒரு பழைய சேலைத் துண்டைப் போட்டு மூடினாள். அந்தப் பாட்டு கேட்டால் அப்பாவின் கால் சும்மா இருக்காது என்பது அவள் கவலை. எங்கள் யாருக்கும் அதில் கருத்து வேறுபாடு இல்லை. நானும் இரவில் எழுந்து போய் அவர் மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பவளாகியிருந்தேன்.

இப்படியிருக்க, ஆகஸ்டில் பேருந்து நிறுத்தச் சுவரில் சுவரொட்டி ஒட்டினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பழைய திரையரங்கில், சனிக்கிழமை ஒருநாள் மட்டும், மதியக் காட்சி. வெள்ளிச் சட்டைக்காரன் விரலை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தான். அன்று மாலையே அப்பாவின் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். கொடைகளில் ஆடிய நால்வரில் ஒருவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் துணிக்கடை வைத்திருப்பவர். ஊரில் எல்லோருக்கும் பாய், அப்பாவுக்கு மட்டும் மாப்ள. அம்மா கைப்பேசியை வாங்கி, "அண்ணே, அந்தப் பேச்சே வேண்டாம்ணே" என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்பா கைப்பேசியைத் திரும்ப வாங்கிச் சார்ஜரில் போட்டார். விஷயம் அதோடு முடிந்துவிட்டதாக நாங்கள் நினைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை நான் ஆட்டோ பிடித்துப் பேருந்து நிலையம் போய்ச் சேர்ந்தபோது மதியக் காட்சி தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நின்றுகொண்டிருந்தது. நடத்துநர் படியில் சாய்ந்து நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எப்ப எடுப்பீங்க?"

"எடுக்கணும்மா. செத்த பொறு, நாலு தல ஏறட்டும்."

நான் ஏறி உட்கார்ந்து, அப்பாவின் கைப்பேசியிலிருந்து பாய் மாமாவை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அழைத்தேன். திரையரங்கின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? பேருந்து நகர்ந்தது. எனக்கு இருந்த ஒரே ஆறுதல், அந்தப் படம் எனக்கு மனப்பாடம் என்பது. இந்நேரம் தங்கை பழுதான லிஃப்டுக்குள் மாட்டியிருப்பாள். அது முடிந்தால் இடைவேளை. இடைவேளைக்குப் பிறகு நீதிமன்றக் காட்சி, சோகப் பாட்டு, வில்லனின் பிறந்தநாள் விழா. அதற்கெல்லாம் பிறகுதான் சதுரங்களும் லிஃப்ட் ஆட்டமும். எப்படிப் பார்த்தாலும் ஆட்டத்துக்கு முன்பே நான் போய்ச் சேர்ந்துவிடுவேன். இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் நிதானமாக இறங்கினார், ஒருவர் நிதானமாக ஏறினார்.

பக்கத்தில் மல்லிகைப்பூக் கூடையோடு இருந்த ஒரு பெண்மணி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏன் தாயி இப்படி வேக்குது? வீட்ல யாருக்கும் மேலுக்கு முடியலையா?"

"எங்க அப்பாவுக்கு."

"அடக் கடவுளே. எந்த ஆசுபத்திரி?"

"ஆஸ்பத்திரி இல்ல. சினிமா தியேட்டர்ல இருக்காங்க."

அவர் என்னை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார்.

திரையரங்க வாசலை நெருங்கும்போதே எனக்குக் கேட்டது. முதலில் முரசு, பிறகு அந்த ஊளையிடும் மின்னிசை. நான் சாலையில் நின்றுவிட்டேன். லிஃப்ட் பாட்டு. வரக் கூடாத நேரத்தில் வந்துகொண்டிருந்தது. என் கணக்கில் எங்கே பிழை என்று புரியவில்லை. என் கால்கள் மட்டும் ஓடின.

கதவருகே டார்ச் விளக்கோடு ஒரு முதியவர் வழிமறித்தார்.

"டிக்கெட்டும்மா?"

"உள்ள எங்க அப்பா இருக்காங்க."

"இன்னைக்கு எல்லாருக்கும் அப்பா உள்ளதாம்மா இருக்காவ."

"இந்தப் பாட்டு கடைசியிலல்ல வரணும்? இப்ப எப்படி..."

"கடேசிலயும் வரும். இங்க அந்தக் காலத்துலேருந்தே ரெண்டு தடவதான். ஆடுறவன் பூராம் இடைவேள முடிஞ்சதும் ஆடித் தீத்துரணும். பொறவு கதையில வரும்போது எவனும் எந்திரிக்கக் கூடாது. குடும்பத்தோட வந்தவிய முடிவப் பாக்காண்டாமா?" என்றவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "போ தாயி, போ. டிக்கெட் பொறவு எடுத்துக்கலாம்."

முன்பு ரீலை மாற்றிப் போட்டுச் செய்ததை இப்போது ஒரு பொத்தானை அழுத்திச் செய்கிறார்கள். வழக்கம் மட்டும் மாறவில்லை. அப்பா 'இடைவேளை ஆட்டம்' என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். இடைவேளையில் வாசலில் நின்று பையன்கள் ஆடியதைச் சொல்கிறார் என்றே நான் புரிந்துகொண்டிருந்தேன்.

உள்ளே இருட்டும் ஒளியும் மாறி மாறி அடித்தன. திரைக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் ஒரு கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. எல்லோரும் அப்பா வயது. வழுக்கை, தொப்பை, மடித்துக்கட்டிய வேட்டி. ஒருவர் முழங்காலில் உறை போட்டிருந்தார். கிழித்த காகிதத்தை வாரி இறைத்தார்கள். அவர்களின் நிழல்கள் வெள்ளிச் சட்டைமேல் கூத்தாடின. பாட்டில் லிஃப்ட் இறங்கும் இடம் வந்தது. அத்தனை சுட்டுவிரல்களும் மேலே போயின. அத்தனை உடம்புகளும் நின்று நின்று கீழே இறங்கின. ஏறும்போது பாதிப் பேரால் ஏற முடியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள், தூக்கியவர்கள் சரிந்தார்கள், பெரிய சிரிப்பு எழுந்தது. வேறொரு நாளில் நானும் சிரித்திருப்பேன். அப்போது என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்று: இறங்கிய தலைகளின் நடுவே, ஏறாமல் தங்கிவிட்ட ஒரு சிவப்பு நாடா.

எப்படி அந்தக் கூட்டத்துக்குள் புகுந்தேன் என்று நினைவில்லை. அந்நிய ஆடவர் ஒருவரின் தோளில் இடித்தாலே நாள் முழுதும் கூசுகிறவள் நான். முழங்கையால் விலக்கிக்கொண்டு போய், தரையில் குந்தியிருந்த அந்த முதுகைத் தொட்டேன். முகம் திரும்பியது. பாய் மாமா.

"மருமவளே! நீ எங்க இங்க?" மூச்சு வாங்கியது அவருக்கு. "கையக் குடு, எந்திரிக்க முடியல."

"மாமா, அப்பா எங்க?"

என் குரலைக் கேட்டதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. தானாகவே எழுந்துவிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா, பதறாத. அந்தா பாரு, கடேசிக்கு முந்துன வரிசை. பாட்டு ஆரம்பிச்சதுமே நாடாவக் கழத்தி எங்கிட்டக் குடுத்துட்டான். கல்லு மாதிரி உக்காந்திருக்கான் ஒங்கப்பன்."

அப்பா தனியாக இருந்தார். முழங்கால்கள்மேல் இரண்டு கைகளையும் வைத்து, பேருந்துக்குக் காத்திருப்பவரைப் போல நேராக உட்கார்ந்திருந்தார். நான் அருகில் அமர்ந்து மாத்திரைப் பட்டையை நீட்டினேன். என்னைக் கண்டு அவர் வியக்கவில்லை. பட்டையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"வலிக்குதாப்பா?"

"இல்ல."

"மூச்சு?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு பாப்பா." திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஆடிரணும்னுதான் வந்தேன். பாட்டு வந்ததும் அம்புட்டுப் பேரும் எந்திரிச்சான். எனக்குக் காலு வரல. உந்தி உந்திப் பாக்கேன், வரல. பயந்துட்டேன்."

நான் வீட்டிலிருந்து அங்கே வரும் வரையில், அவர் ஆடிவிடுவார் என்றுதான் அஞ்சிக்கொண்டு வந்தேன். அவரால் ஆட முடியாமல் போகும் என்பது ஒரு கணமும் எனக்குத் தோன்றவில்லை. அவர் உயிரோடு பக்கத்தில் இருக்கிறார். என் நெஞ்சு அடங்கியிருக்க வேண்டும். அடங்கவில்லை. இப்படியே இருந்துவிடுவாரோ என்ற இன்னொரு பயம், முன்னதைவிட மெதுவாக, குளிர்ந்த நீர் ஏறுவதைப் போல ஏறியது.

பாட்டு முடிந்து எல்லோரும் இருக்கைகளுக்குத் திரும்பினார்கள். பாய் மாமா வந்து அப்பாவின் அந்தப் பக்கம் பொத்தென்று விழுந்தார்.

"ஏலே மாப்ள, கொடையில தேளு கடிச்சப்பவும் ஆடுனவன்லே நீ. இன்னைக்கு ஒரு மூட்டப்பூச்சி கடிக்கல, உக்காந்துட்ட!"

"நீ ஆடுனதயும் பாத்தேன்லே. லிஃப்டு ரெண்டாவது மாடியிலயே நின்னு போச்சு. கரண்ட் கட்டா?"

மாமா உரக்கச் சிரித்தார். பிறகு ஓசைப்படாமல் தன் நெஞ்சில் கைவைத்துத் தேய்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். அப்பாவும் பார்த்தார்.

போகலாம் என்று நான் அழைக்கவில்லை. முடிவு வரை இருந்தோம். உச்சக்காட்சி வந்தபோது டார்ச் முதியவர் உள்ளே வந்து நடைபாதையில் காவல் நின்றார். ஒருவரும் எழவில்லை. சற்று முன் காகிதம் இறைத்தவர்கள் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். குண்டு இருப்பது மஞ்சள் சதுரத்தின் கீழே என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். இருந்தும் நாயகனின் வெள்ளைக் காலணி மஞ்சளை நெருங்கிய ஒவ்வொரு முறையும் அரங்கம் மூச்சைப் பிடித்தது. முன்வரிசையில் ஒருவர், "மிதிச்சிராத, மிதிச்சிராத" என்று முணுமுணுத்தார். நீலக்கண் சிரித்தது. புகை எழுந்தது. அபத்தத்தின் உச்சம். நானும் காலை இருக்கைமேல் தூக்கி வைத்துக்கொண்டேன்.

லிஃப்ட் இறங்கத் தொடங்கியபோது பக்கத்தில் ஏதோ அசைந்தது. அப்பாவின் வலக்கை இருக்கையின் கைப்பிடிமேல் இருந்தது. சுட்டுவிரல் மட்டும் நிமிர்ந்திருந்தது. அது கணுக்கணுவாக, நின்று நின்று, கீழே இறங்கியது. மரத்தைத் தொடுவதற்குச் சற்று மேலே நின்றது. திரையில் நாயகன் ஒரே மூச்சில் ஏறிவிட்டான். அப்பாவின் விரல் ஏறவில்லை. இசை அடுத்த அடிக்குப் போய்விட்டது. நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அது மெல்ல, தடுமாறி, மேலே வந்தது.

திரும்பும் பேருந்தில் அவர் சன்னலோரம் உட்கார்ந்தார். வலப்பக்கம் மலைமேல் வெளிச்சம் மஞ்சளாகியிருந்தது.

"வாரவன் ஒவ்வொருத்தனும் ஒரு கிலோ ஆரஞ்சும் ஒரு சாவும் கொண்டு வாரான்" என்றார். "ஆரஞ்ச நீயும் ஒங்கம்மாவும் தின்னுட்டீங்க. சாவெல்லாம் எங்கிட்டத்தான் இருக்கு."

நான் கேட்டேன்: "ஆடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாராப்பா?"

அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். மதுரையில் அந்த மருத்துவர் சொன்னபோது நானும் அறையில் இருந்தேன். ரெண்டு வாரம் ஓய்வு எடுங்க, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா நடங்க, பாரம் தூக்காதீங்க, மாத்திரைய விட்றாதீங்க. அவ்வளவுதான். அம்மா அதில் 'ஓய்வு' என்ற சொல்லை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மீதியை ஆரஞ்சுக்காரர்கள் எழுதி முடித்தார்கள்.

"அவரு சொல்லல. நாம கேக்கவும் இல்லியே" என்றார் அப்பா.

"ஏன் கேக்கல?"

"அதப் போயி எப்படிக் கேக்க? இந்த வயசுல? அம்புட்டுப் படிச்ச மனுசன் முன்னால?"

வீட்டில் அம்மா வளைகாப்பு வளையல்களோடு வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பூட்டிய வீட்டைப் பார்த்த நேரத்திலிருந்து அப்படியே இருந்திருக்கிறாள். எங்களைக் கண்டதும் எழுந்து முதலில் என்மேல்தான் பாய்ந்தாள்.

"ஒன்ன நம்பித்தான ஏட்டி வுட்டுட்டுப் போனேன்! ஒரு போன் பண்ணத் தோணுச்சா ஒனக்கு?"

"நான் ஆடலட்டி" என்றார் அப்பா. "சத்தியமா ஆடல. உக்காந்துதான் இருந்தேன்."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். அவள் எதிர்பார்த்த நல்ல செய்திதான் அது. ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில் அவள் திட்டுவதை நிறுத்திவிட்டாள். கிட்டே வந்து, தெருவே பார்க்க, அவர் சட்டைமேல் உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் எடுக்காமல் நின்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாதந்தோறும் மூன்றாவது ஞாயிறு காலையில் அந்த மதுரை மருத்துவர் எங்கள் ஊரில் ஒரு சிறிய மருத்துவமனைக்கு வந்து நோயாளிகளைப் பார்ப்பார். அப்பாவுக்கு அன்று மறுபரிசோதனை. மூவரும் போனோம். நேரம் மிச்சமாகட்டும் என்று இரண்டு டோக்கன்காரர்களை ஒன்றாக அறைக்குள் விடுவது அங்கே வழக்கம். அதனால் எங்களுக்குப் பின்னால் ஒரு முதியவரும் அவருடைய மருமகளும் கதவோரமாக உட்கார்ந்திருந்தார்கள். செவிலி நின்றுகொண்டிருந்தார்.

மருத்துவர் இதயத்துடிப்பு வரைபடத்தைப் பார்த்தார். மார்பில் கருவியை வைத்துக் கேட்டார். "நல்லா இருக்கு. இதே மாத்திரைதான். வேற ஏதாவது கேக்கணுமா?"

"ஒண்ணுமில்லைங்க டாக்டர்" என்று அம்மா எழுந்தாள். அப்பா தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் நாற்காலியை விட்டு எழவில்லை. என் குரல் எனக்கே தொலைவில் கேட்டது.

"எங்க அப்பா ஆடலாமா, டாக்டர்?"

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "ஆடன்னா?"

"டான்ஸ்."

செவிலி வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். மருத்துவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"என்ன மாதிரி டான்ஸ்? குதிக்கிறதா, குனிஞ்சு எந்திரிக்கிறதா? எவ்வளவு நேரம்? தெரிஞ்சாத்தானே நான் சொல்ல முடியும்?"

அப்பா என்னைப் பார்த்தார்.

நான் மருத்துவக் கோப்பை அம்மாவின் கையில் கொடுத்தேன். துப்பட்டாவைக் குறுக்கே இழுத்து இடுப்பில் முடிந்தேன். மேசைக்கும் எடைபார்க்கும் கருவிக்கும் நடுவில் இருந்த இடத்தில் போய் நின்று, இடக்கையை இடுப்பில் வைத்து, வலக்கைச் சுட்டுவிரலை விட்டத்தை நோக்கி உயர்த்தி, முதல் மாடி இறங்கினேன்.